அந்த ஹாரன் எனக்குக் கேட்டது

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் போன வியாழக்கிழமை கைக்கு வந்தது. வழக்கமாக நான் இன்லண்டு தாளில், ஒட்டுகிற மடிப்பு வரைக்கும் எழுதி, கோந்து தடவிய இடத்திலும் இரண்டு வரி நுழைத்துத்தான் அனுப்புவேன். ‘சந்தைக்குப் போகிற பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற மாதிரி எழுத்தை ஏற்றுகிறாய்’ என்று நீ கேலி செய்வாய். இந்த முறை அதில் அடங்காது. பிரசவ விவரம் எழுத ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். அரசாங்க நோட்டைக் கிழிப்பது தப்புதான். ஆனால் இதில் எழுதப்போகிற தப்புக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. என் கால் வழக்கம்போல மழை வருவதை இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது, மற்றபடி சௌக்கியம்.

நீ எழுதியதை நாலைந்து முறை படித்துவிட்டேன். அத்திப்பள்ளி தாண்டி ஒரு பஸ் நின்றிருந்தது, அதன் முன்பக்கமாகச் சுற்றி ஒரு பெரியவர் ரோட்டைக் கடக்க வந்தார், நீ ஓட்டிவந்த கம்பெனி வேன் அவரை இடித்தது, இடுப்பெலும்பு முறிந்து பெங்களூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், உயிருக்கு ஆபத்தில்லை. இதுவரை புரிந்தது. கம்பெனி வைத்த வக்கீல் வாதாடலாம் என்கிறார், நீதான் வேண்டாம் என்கிறாய். வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் எல்லாத் தப்பும் என்னுடையது என்று ஒப்புக்கொள்ளப் போவதாக எழுதியிருக்கிறாய். ‘உன் காலை ஒடித்தவனும் நானும் ஒன்றுதான் அம்மா. அவன் செய்யவில்லை என்று சாதித்தான். நானாவது ஒப்புக்கொள்கிறேன்.’ இந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்து, அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். நீ ஒப்புக்கொண்டால் லைசென்ஸ் போகும், வேலை போகும், சில மாதம் உள்ளே இருக்கவும் வேண்டிவரலாம். தப்பு உன்னுடையதாக இருந்தால் போய் இரு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி நீ உள்ளே போகக்கூடாது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் உனக்கும் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ ஐந்தாறு வயசுப் பிள்ளையாக இருந்தபோது உன்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. உன் அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். பிரசவம் பார்க்கப் போகும்போது உன்னையும் இழுத்துக்கொண்டுதான் போவேன். ஒரு கையில் நீ, ஒரு கையில் என் கறுப்புப் பை. பெங்களூர் ரோட்டில் லாரி வருகிறதா, பஸ் வருகிறதா என்று நான் பார்த்ததே இல்லை. பையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடு ரோட்டில் இறங்கிவிடுவேன். ‘நிறுத்துடா, அங்க ஒரு உசுரு வெளிய வரக் காத்துக்கிட்டு இருக்குது’ என்று கத்துவேன். லாரிக்காரன் பிரேக் போட்டு, தலையை வெளியே நீட்டி, ‘போங்க நர்சம்மா’ என்று கும்பிடு போடுவான். நீயும் உன் சின்னக் கையைத் தூக்கிக் காட்டுவாய். எனக்குப் பெருமையாக இருக்கும். போகப் போக, கத்தரிக்காய் வாங்கப் போகும்போதும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். வண்டி நிற்கத்தான் வேண்டும், நான் நடக்கத்தான் வேண்டும் என்று மனசில் பதிந்துபோனது. லோடு ஏற்றிய லாரி நினைத்த இடத்தில் நிற்காது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். உனக்கு பெங்களூரில் வேலைக்கு உத்தரவு வந்த வாரம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ‘நர்சம்மாவுக்கு இனிமே என்னங்க குறை’ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நீ கிளம்ப வேண்டியதற்கு முதல் நாள் உனக்கு அனலாகக் காய்ச்சல். மாத்திரை கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன், நர்ஸ் செய்ய வேண்டியது எல்லாம் செய்தேன். சாயந்திரம் நீ அசந்து தூங்கியபோது என்னால் பொறுக்க முடியவில்லை. உப்பு, வரமிளகாய், கடுகு மூன்றையும் கைப்பிடி அள்ளி உன்னைத் தலையோடு கால் மூன்று சுற்று சுற்றினேன். ஒரு எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவி அதையும் சேர்த்துக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தளி ரோடு பிரிகிற முச்சந்திக்குப் போனேன். நீ சிரிப்பாய், தெரியும். ஊர் ஊராகப் போய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரிக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள் என்று சண்டை போட்டவள் நான். கெலமங்கலத்தில் ஒரு வீட்டில் திருஷ்டி சுற்றிய மிளகாயைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். அதற்காக எங்கள் லேடி டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அப்பேர்ப்பட்ட நான், விளக்கு வைக்கிற நேரத்தில், யாராவது பார்க்கிறார்களா என்று திருட்டு முழி முழித்துக்கொண்டு முச்சந்தியில் பொட்டலத்தை வீசினேன்.

வீசிவிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது, பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் கொடுக்கக்கூடாது, நேரே வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நம் பக்கத்தில் இது யாருக்குத் தெரியாது? திரும்பிப் பார்த்தால் போட்டது கூடவே வந்துவிடும் என்பார்கள். நான் ரோட்டின் இடது ஓரமாக விறுவிறு என்று நடந்தேன். நம் வீடு வலது பக்கம். பின்னால் ஒரு கார் வருகிற சத்தம் கேட்டது, ஹாரனும் கேட்டது. நன்றாகக் கேட்டது, சேகர். என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, நான் அதைப் பிடித்து நிறுத்தினேன். வீட்டுக்கு நேராக வந்ததும் ஓரத்திலிருந்து சட்டென்று வலது பக்கமாக வெட்டிக் குறுக்கே நடந்தேன். இரண்டாவது ஹாரன் முதுகை ஒட்டிக் கேட்டது. அதற்கும் தலையைத் திருப்பவில்லை. கார்காரன் நிறுத்திக்கொள்ளட்டும், என் பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று நினைத்தேன். அவர் வண்டியை ஒடித்துத் திருப்பினார். கார் இடித்து எனக்குக் கால் முறிந்தது, காரின் மூக்கு புளியமரத்தில் போய் நசுங்கியது.

அந்த டிரைவர் நஞ்சப்பாவை இத்தனை நாள் ‘அவன்’ என்றே சொல்லி உன்னையும் அப்படியே பழக்கிவிட்டேன். அவர்தான் முதலில் ஓடிவந்தார். நெற்றியில் ரத்தம் ஒழுக, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முழங்காலுக்குக் கீழே கட்டினார். கட்டு சரியாக இருந்தது. எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டவள் சொல்கிறேன், அந்தக் கட்டு இல்லாவிட்டால் நான் காலோடு வீடு திரும்பியிருக்க மாட்டேன். அதற்குள் கடைகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ‘நம்ம நர்சம்மாவ அடிச்சுப் போட்டுட்டான்டா. மைசூர் நம்பர் வண்டிடா, வெளியாளுடா’ என்று ஒருவன் சொன்னான், அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரை அடித்தார்கள். அடி வாங்கிக்கொண்டே ‘மொதல்ல அம்மாவ ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க’ என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் காதில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் போலீஸ் ஏட்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றிலும் என்னோடு வேலை செய்கிறவர்கள், லேடி டாக்டர், கால்மாட்டில் காய்ச்சல் இறங்கிய முகத்தோடு நீ. ‘அந்த நேரத்துல எங்கம்மா போய்ட்டிருந்தீங்க?’ என்று கேட்டார். முச்சந்தியில் திருஷ்டிப் பொட்டலம் போட்டுவிட்டு வந்தேன் என்று டாக்டர் எதிரில் எப்படிச் சொல்வேன்? ‘ஒரு பிரசவக் கேசுங்க’ என்றேன். ஏட்டு மரியாதையாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார். ‘ஹாரன் அடிச்சானுங்களா?’ என்றார். அடித்தார் என்றால், அப்புறம் ஏன் திரும்பவில்லை என்று அடுத்த கேள்வி வரும். ‘இல்லீங்க’ என்றேன். அவ்வளவுதான் சேகர், இரண்டே பதில். யாரையும் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வெட்கத்துக்குப் பயந்து சொன்னேன். ஒரு தடவை சொன்ன பிறகு அதையே காப்பாற்ற வேண்டியிருந்தது.

கோர்ட்டில் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவன் நீதான். கட்டைகளை ஊன்றிக்கொண்டு கூண்டில் ஏறி, அதே இரண்டு பதிலையும் சொன்னேன். எந்த ஊர்ப் பிரசவம், எந்த வீடு என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் பலபேருடைய பிள்ளைகள் என் கையில் பிறந்தவர்கள், என்னைக் கேட்க யாருக்கு மனசு வரும்? நஞ்சப்பாவின் முறை வந்தபோது, ‘தேவராணெ, ஹாரன் அடிச்சேன் சாமி. ரெண்டு வாட்டி அடிச்சேன். அந்தம்மா திரும்பலே இல்ல’ என்று கன்னடத்தில் சத்தியம் செய்து தமிழில் சொன்னார். ஆறு மாதம் உள்ளே போட்டார்கள், லைசென்ஸும் போனது. கோர்ட்டை விட்டு வெளியே வந்தபோது நீ அவர் எதிரில் போய் நின்று, ‘சாமி மேல பொய்ச் சத்தியம் பண்றியே, உனக்குப் புள்ளகுட்டி இல்லையா?’ என்று கேட்டாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் உன் தோளைத் தொட்டு, ‘வா கண்ணு, போலாம்’ என்றேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற இடம் எது என்று கேட்டால் முச்சந்தி இல்லை, இதுதான்.

அதற்கப்புறம் நீ கம்பெனியில் வண்டி ஷெட்டில் சேர்ந்து, ஓட்டப் பழகி, லைசென்ஸ் வாங்கினாய். ‘நான் அவன மாதிரி ஓட்ட மாட்டேம்மா’ என்று சொல்லிக்கொண்டு வந்து என் காலைத் தொட்டாய். நான் ஆசீர்வாதம் பண்ணினேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்ற பயம். எனக்கு இருக்கிறது நீ ஒருவன்தான், உன் கண்ணில் நான் சின்னவளாகிவிட்டால் எனக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று மென்று விழுங்கிவிட்டேன். இப்போதும் அந்தப் பயம் போகவில்லை. ஆனால் உன் கடிதம் வந்தபிறகு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு பாகலூர்ப் பக்கம் நஞ்சப்பா வீட்டுக்குப் போனேன். சாமந்தித் தோட்டத்தில் கூலிக்குப் பூப் பறிக்கிறார். லைசென்ஸ் திரும்பக் கேட்டு அவர் போகவே இல்லையாம். அவர் மனைவிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நஞ்சப்பா வந்து என்னைப் பார்த்ததும் பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். வழியெல்லாம் மனசுக்குள் நிறைய சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன், ஒன்றும் வரவில்லை. பொட்டலம் போட்டதைச் சொன்னேன், திரும்பக்கூடாது என்று நடந்ததைச் சொன்னேன், பிரசவக் கேசு என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொன்னேன். அவர் கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

‘ஹாரன் உங்களுக்குக் கேட்டுச்சா?’

‘கேட்டுச்சுங்க. ரெண்டு வாட்டியும் கேட்டுச்சு.’

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ‘நெஜமா அடிச்சியா, அடிச்சியான்னு நானே எத்தன நாளு கேட்டிருக்கேன்’ என்றார். நஞ்சப்பா தரையில் உட்கார்ந்து, ‘நீ கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அடிக்கலியோன்னு’ என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க எனக்கு யோக்யதை இல்லை. கிளம்பும்போது அவரே சொன்னார், ‘நானும் கொஞ்சம் ஸ்பீடு கொறச்சிருக்கலாம்மா. ஓரமாத்தானே போறாங்கன்னு நெனச்சுட்டேன்.’ அவ்வளவு பட்ட பிறகும் தன் பங்கைத் தேடி எடுத்து வைக்கிறார். நான் இரண்டு வருஷமாக என் பங்கைத் தூக்கி அவர் தலையில் போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டு நல்லவளாக நடமாடினேன்.

உன் விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். உடனே டிரைவராக மாறிவிட்டார். ‘பஸ்ஸு நின்னுதா? நின்ன பஸ்ஸுக்கு முன்னாடி ஆளு வரும்னு டிரைவருக்குத் தெரியணும்மா. உங்க பையன் அங்க கொறச்சானான்னு கேளுங்க. அந்தப் பெரியவரும் பஸ்ஸு போற வரைக்கும் நின்னிருக்கணும், மறைவுல இருந்து வந்தா யாருக்குத் தெரியும்?’ என்றார். உன் பக்கமும் பேசவில்லை, அந்தப் பெரியவர் பக்கமும் பேசவில்லை. அதையே நானும் கேட்கிறேன். பஸ்ஸை எவ்வளவு தூரத்தில் பார்த்தாய், வேகத்தைக் குறைத்தாயா, ஹாரன் அடித்தாயா? குறைக்கவில்லை என்றால் குறைக்கவில்லை என்று சொல். அந்த வார்த்தைக்கு என்ன தண்டனையோ அதை வாங்கிக்கொள். குறைத்தாய், அடித்தாய், அவர் பார்க்காமல் வந்தார் என்றால் அதையும் சொல். அவர் வயசானவர், அடிபட்டவர் என்பதற்காக அவர் பங்கையும் நீ சேர்த்துச் சுமக்காதே. அடிபட்டவர்கள் எல்லோரும் தப்பில்லாதவர்கள் என்று நீ நம்புவது என்னைப் பார்த்துத்தான், என்னைப் பற்றி இப்போது தெரிந்துகொண்டாய். ரோட்டில் நடக்கிறவளுக்கும் கண்ணும் காதும் கழுத்தும் இருக்கிறது. அவள் அதைப் பயன்படுத்த வேண்டும்.

திங்கட்கிழமைக்கு முன்னால் அந்தப் பெரியவரைப் போய்ப் பார். தப்பு யாருடையது என்று பேசுவதற்காகப் போகாதே, அவர் சாப்பிடுகிறாரா என்று பார்க்கப் போ. இடுப்பெலும்பு உடைந்த வயசானவர்களுக்கு எலும்பைவிட முதுகுப் புண்தான் எமன். படுக்கை ஈரமில்லாமல் இருக்கிறதா, முதுகைத் துடைத்துப் பவுடர் போடுகிறார்களா என்று கூட இருக்கிறவர்களிடம் கேள். போடவில்லை என்றால் நீ போட்டுவிடு. நஞ்சப்பா அன்றைக்கு என் காலைக் கட்டியபோது தப்பு யாருடையது என்று யோசிக்கவில்லை.

நேற்று கிருஷ்ணகிரிக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். கோர்ட்டில் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ‘யோசிச்சுக்குங்கம்மா, உங்க மேலயே கேசு வரும், வேலைக்கும் ஆபத்து’ என்றார். யோசித்துத்தான் வந்தேன் என்றேன். நஞ்சப்பா உள்ளே இருந்த ஆறு மாதம் திரும்ப வராது, லைசென்ஸாவது வரட்டும். லேடி டாக்டரிடமும் மிளகாய்ப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் ‘இதுக்கா?’ என்று மட்டும் கேட்டார். இதுக்குத்தான். உனக்கும் அப்படித்தான் தோன்றும் என்று நினைக்கிறேன். இதைப் படித்துவிட்டு உனக்கு என் மேல் கோபம் வந்தால் வரட்டும், அதை அடக்கிக்கொள்ளாதே. நீ கேட்க வேண்டியதை என்னைக் கேள். ஆனால் நஞ்சப்பாவிடம் நீ அன்றைக்கு ‘புள்ளகுட்டி இல்லையா’ என்று கேட்ட கேள்விக்கு ஒருநாள் நீயே போய்ப் பதில் சொல்லிவிட்டு வர வேண்டும். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கோர்ட்டுக்கு எதிர்ப்பக்கம்தான் பஸ் நிற்கும் என்று எழுதியிருந்தாய். என் காலை நினைத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்று நீ ரோட்டுக்குள் ஓடிவராதே. கோர்ட் வாசலிலேயே நில். கறுப்புப் பையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன். பஸ் நகர்ந்து போகும்வரை ஓரத்தில் நின்றிருந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நானே வந்து சேர்கிறேன்.

உன் அம்மா